எதிர்காலப் பயணி

கடற்கரையோரமாகப் போகும் அந்தக் கிளைப்பாதையில் பயணிகள் ரயில் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. ஒரு புயலில் கரைமேடு அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியபோது நிறுத்தினார்கள். சில மாதங்களிலேயே கரைமேட்டைச் சரிசெய்து கூட்ஸ் வண்டியை விட்டுவிட்டார்கள். உப்பும் சிமெண்டும் காத்திருக்காது, மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று ரயில் துறைக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

தையலக்கா என்று ஊரே கூப்பிடும் அந்தப் பெண்ணும் எல்லோரையும் போலப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிடும்வரை. அவர் ஐஸ் பேக்டரியில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் தாங்காத நேரத்தில் ஒரு துண்டு ஐஸை வாயில் ஒதுக்கிக்கொள்வார்.

"ஆளுயர ஐஸா அடுக்கிட்டிருந்தவனுக்கு இப்ப ரேஷன்ல ஐஸ்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

வாரத்துக்கு மூன்று தடவை பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். கடற்கரைச் சாலையில் பாதியைக் கடல் தின்றுவிட்டிருந்தது. அதனால் வேன் உப்பளங்களைச் சுற்றிக்கொண்டு போகும். வேன்காரருக்குப் பெயரே 'சுத்துவழி' என்று ஆகிவிட்டது. போகும்போதாவது பரவாயில்லை. உடம்பிலிருந்து நீரை எடுத்த பிறகு திரும்பி வருவதுதான் கொடுமை. ஒவ்வொரு குழியிலும் அவருக்குத் தலை சுற்றும், கெண்டைக்கால் நரம்பு சுருட்டி இழுக்கும். அவள் வேன் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்து நீவிவிடுவாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி அவர்களைத் தாண்டிக்கொண்டு போகும். ரயிலாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று சுத்துவழி ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஆறுதலாகத்தான் சொல்வார்.

இப்படி இருக்கும்போதுதான் பயணிகள் ரயிலை மறுபடி விடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அதற்கென்று ஒரு 'மறுதொடக்கச் செயலகம்' அமைத்தார்கள். ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்தார்கள். பயணிகள் காத்திருக்கும் அறையில் ஏசி பொருத்தி, அதைத் தனி அலுவலரின் அறையாக்கினார்கள். அவரைப் பார்க்க வந்தவர்கள் வெளியே வெயிலில் காத்திருந்தார்கள். தையலக்காவும் காத்திருந்தாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் தனி அலுவலர்.

"ரயில் எப்ப சார் விடுவீங்க?"

"நீங்க யாரு?"

"தையல்காரிங்க. இங்கதான், மார்க்கெட் தெரு."

"அது உங்க தொழில். நான் கேக்கறது வேற. நீங்க பயணியா?"

அவள் யோசித்தாள். "ரயில் விட்டா பயணிதாங்க."

தனி அலுவலர் எழுந்தே நின்றுவிட்டார். காணாமல்போன பிள்ளை வீடு திரும்பியதைப் போல அவளைப் பார்த்தார். செயலகத்துக்கு ஒரு கமிட்டி வேண்டும், கமிட்டியில் ஒரு பயணி இருக்க வேண்டும் என்பது விதி. ரயிலில் போனவர்தான் பயணி என்பது இன்னொரு விதி. கமிட்டி கூடினால்தான் ரயில் விட முடியும். இந்த இடத்தில் வேலை முட்டிக்கொண்டு பல மாதங்களாக நின்றிருந்தது. இப்போது அவர் மேலிடத்துக்கு போன் போட்டு, 'எதிர்காலப் பயணி' என்று ஒரு பதவியை உண்டாக்கி, அவள் புடவையில் ஒரு பேட்ஜைக் குத்தி, கைகுலுக்கிப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது புருஷன் பேட்ஜைத் தொட்டுப் பார்த்தார்.

"எதிர்காலம்னா எப்பன்னு கேட்டியா?"

"கேக்கலைங்க."

"கேட்டிருக்கணும்மா. எனக்கு அது கொஞ்சம் தெரிஞ்சாகணும்."

அவள் பேட்ஜைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, அன்றைக்கான தண்ணீரை அளக்கப் போனாள்.

கமிட்டியின் முதல் கூட்டம் தேவையைப் பற்றியது. இந்தப் பாதையில் ரயில் தேவையா என்று பார்க்க, பழைய டிக்கெட் விற்பனையைத் திரையில் காட்டினார்கள். பதினேழு வருஷமாக ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை.

"ரொம்ப வருத்தமான விஷயம்" என்றார் தனி அலுவலர். "நாம இவ்வளவு அக்கறையோட இருக்கோம். ஆனா பொதுமக்கள் இந்தப் பாதையை மொத்தமா ஒதுக்கிட்டாங்க."

தையலக்கா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "ரயிலே வரலையே சார். டிக்கெட் எப்படி வாங்குவாங்க?"

"அம்மா, ரயில் வர்றது எங்க பக்கம். டிக்கெட் வாங்கறது உங்க பக்கம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக்கூடாது. இப்ப நாம பேசறது உங்க பக்கத்தை."

அவளுக்கு உண்மையிலேயே தன் பக்கம்தான் தப்போ என்று ஒரு சந்தேகம் வந்தது. தேவையை நிரூபிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். டிக்கெட் கவுண்டரைத் திறப்போம், மக்கள் வாங்கட்டும், அதை வைத்து ரயிலைப் பற்றி முடிவு செய்யலாம் என்றார்கள்.

கவுண்டர் திறந்தது. தையலக்கா வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். அவள் நாத்தனார் பக்கத்துத் தெருக்காரர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தாள். ஜனங்கள் வரிசையில் நின்று வராத ரயிலுக்கு டிக்கெட் வாங்கினார்கள். வாங்கியவர்கள் ஒரு வேளை வந்துவிட்டால் என்று கொஞ்ச நேரம் பிளாட்பாரத்தில் நின்றும் பார்த்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய சோர்ந்த மனிதர், மைக்கில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிடுவார். கூட்ஸ் வண்டி வந்ததும் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டு, அது போனபிறகு வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தையலக்கா நம்பிக்கையோடு போனாள். டிக்கெட் விற்பனை எதிர்பார்த்ததைவிட அமோகம் என்று தெரிந்தபோது அவள் முகம் மலர்ந்தது. தனி அலுவலரின் முகம் மலரவில்லை.

"இத்தனை பேர் டிக்கெட் வாங்கியிருக்காங்க. இதுல எத்தனை பேர் பயணம் பண்ணாங்க? ஒருத்தர்கூட இல்ல." அவர் குரல் தழுதழுத்தது. "டிக்கெட்டை வாங்கிட்டு ஏறாம இருக்கறதுக்கு என்ன பேரு வைக்கறது? இப்படிப்பட்ட ஜனங்களை நம்பி ஒரு ரயிலை எப்படி விடறது?"

"எதுல சார் ஏறுவாங்க?" என்றாள் தையலக்கா. இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை.

எதிர்காலப் பயணி தற்போது பேசுவதற்கு விதியில் இடமில்லை, முதல் பயணம் முடிந்ததும் பேசலாம் என்று கமிட்டிச் செயலாளர் மரியாதையாக எடுத்துச் சொன்னார்.

அந்த வருஷம் நேரந்தவறாமைக்கான கேடயம் அந்த ஸ்டேஷனுக்குக் கிடைத்தது. ஒரு பயணிகள் ரயில்கூடத் தாமதமாக வராத ஸ்டேஷன் மொத்த மண்டலத்திலும் அது ஒன்றுதான். விழாவில் தனி அலுவலர் பேசினார்.

"விபத்து இல்லை. நெரிசல் இல்லை. குப்பை இல்லை. புகார்ப் பெட்டி காலி. இந்த நல்ல பேரைக் கெடுத்துக்காம இங்க ரயிலை எப்படி விடறதுங்கறதுதான் நம்ம முன்னாடி இருக்கற சவால். அந்தச் சவாலை எத்தனை வருஷமானாலும் விடமாட்டோம்னு இந்த நேரத்துல உறுதி சொல்றேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தையலக்கா மேடையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருந்த புருஷன் கீழே, கூட்டத்தின் ஓரத்தில், நாத்தனார் தோளில் சாய்ந்துகொண்டிருந்தார். அவர் கால் வீக்கம் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருப்பது மேடையிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

ஒருவழியாக வெள்ளோட்டம் என்று முடிவானது. பெட்டிகள் வந்தன. பயணிகளோடு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் பயணிகளை ஏற்ற அனுமதி இல்லை. அதனால் ஒரு ஆளுக்கு ஒரு மணல் மூட்டை என்று இருக்கைகளில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். ஒவ்வொரு மூட்டையும் ஒரு சராசரிப் பயணியின் எடை. பெண்கள் பெட்டியில் கொஞ்சம் சிறிய மூட்டைகள். எடைக் கணக்கைப் பார்க்க இளம் பொறியாளர் ஒருத்தி வந்திருந்தாள். கொடியசைத்துத் தொடங்கிவைப்பது எதிர்காலப் பயணி என்று முடிவாகியிருந்தது.

வெள்ளோட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே கடல் பொங்கி உப்பளங்களுக்குள் புகுந்துவிட்டது. சுற்றுவழியும் அடைபட்டது. உயர்த்திக் கட்டிய கரைமேட்டில் தண்டவாளம் மட்டும் தப்பியது. சுத்துவழி வேனைத் திருப்பிக்கொண்டு வந்து, "என்னால ஆகலைக்கா" என்று வாசலில் நின்றபடி அழுதுவிட்டார். ஆம்புலன்ஸும் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. அவர் முகம் ஊதிப்போய்க் கண் இடுங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார்.

வெள்ளோட்டத்தன்று காலையில் அவளும் நாத்தனாரும் அவரை மீன் கூடை ஏற்றும் தள்ளுவண்டியில் உட்காரவைத்து ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாலையும் தோரணமுமாக ரயில் நின்றிருந்தது. ஜன்னல்களில் மூட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

"சார், இது பெரிய ஊருக்குத்தானே போகுது? இவரை ஏத்திக்குங்க சார். மூச்சு விட முடியலை."

தனி அலுவலர் பதறிப்போனார். "என்னம்மா இது, கமிட்டியில இருக்கறவங்களே இப்படிப் பேசலாமா? மனுஷங்க ஏறினா இது பயணிகள் ரயில் ஆயிடும். பயணிகள் ரயிலுக்கு இன்னும் அனுமதி வரலை."

"எடம் இருக்கு சார்."

"எடம் எங்க இருக்கு? எல்லா சீட்டும் நிறைஞ்சிருக்கு, பாருங்க."

அவள் பார்த்தாள். மூட்டைகளும் அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. அவள் சட்டென்று அலுவலர் காலில் விழுந்துவிட்டாள். போட்டோக்காரர்கள் திரும்பினார்கள். தனி அலுவலர் இரண்டடி பின்வாங்கினார்.

பொறியாளர் பெண் குறுக்கே வந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். "சார், ஒரு மூட்டையை இறக்கிட்டு அவரை உக்காரவைக்கலாம். மொத்த எடை மாறாது."

"அப்ப அவரை என்னன்னு பதிவு பண்ணுவ?"

தள்ளுவண்டியிலிருந்து பதில் வந்தது. "மூட்டைன்னே போட்டுக்குங்க சார். மூச்சு விடற மூட்டை."

தனி அலுவலர் தொலைபேசியில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "மூட்டை சரி. அந்த அடைமொழி வேணாம்."

தராசில் ஏற்றினார்கள். இத்தனை நீர் கோத்திருந்தும் சராசரிப் பயணியைவிட அவர் எடை குறைவாக இருந்தது. குறைந்த எடைக்கு ஒரு சின்ன மணல் பையை மடியில் வைத்தார்கள். கயிற்றால் கட்ட வேண்டும் என்பதைப் பொறியாளர் பெண் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நானும் கூடப் போறேன் சார்."

"அதெப்படிம்மா? மூட்டைக்குத் துணைக்கு ஆள் எதுக்கு? அதுவும் நீங்கதானே கொடியசைக்கணும்."

"நான் பாத்துக்கறேன்க்கா" என்றாள் பொறியாளர் பெண். "கொடியை அசைச்சு விடுங்க. சீக்கிரம் கிளம்பட்டும்."

அதற்காகத்தான் அவள் கொடியை வாங்கினாள். வாங்கிய வேகத்திலேயே அசைத்தாள். ஜன்னலில் இரண்டு மூட்டைகளுக்கு நடுவே அவர் முகம் தெரிந்தது, எதையோ சொல்ல வாயைத் திறப்பது தெரிந்தது, ரயில் நகர்ந்துவிட்டது. படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை அசையுங்கள் என்றார்கள். போய்விட்ட ரயிலுக்கு அவள் இன்னொரு தடவை அசைத்தாள்.

பெரிய ஊரில் மூட்டைகளை வரிசைப்படி எடைபோட ஒரு குழு காத்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்தது கடைசிப் பெட்டி. வரிசை வரட்டும் என்று குழுவினர் சொல்லச் சொல்லப் பொறியாளர் பெண் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பிற்பகலில் போன் வந்தது.

"அக்கா, மெஷின்ல போட்டாச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்னு டாக்டர் திட்டறார். இப்ப மூச்சு சீராயிடுச்சு."

தையலக்கா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அதையும் படம் எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் 'எதிர்காலப் பயணியின் ஆனந்தக் கண்ணீர்' என்று வந்தது.

மறுநாள் மூட்டைகளோடு ரயில் திரும்பியது. அவரும் மடியில் சின்னப் பையோடு மூட்டையாகவே திரும்பினார். வண்டியிலிருந்து தானே இறங்கி நடந்து வந்தார். கடலும் உள்வாங்கியிருந்தது. தையலக்காவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்ததுபோலத் தோன்றியது. ஆனால் இங்கேயும் எல்லா மூட்டைகளையும் எடைபோட்டார்கள். ஒரு மூட்டையில் மட்டும் நாலு கிலோ குறைந்திருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. பொறியாளர் பெண் எழுந்து, டயாலிசிஸில் உடம்பிலிருக்கும் அதிகப்படி நீரை எடுத்துவிடுவார்கள், அதுதான் குறைந்திருக்கிறது என்று விளக்கினாள்.

"அப்ப இந்தப் பாதையில போனா எடை குறையுது" என்றார் தனி அலுவலர்.

"பாதையில இல்ல சார். ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனாரு?"

"ரயில்ல."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். நாளைக்கு ஆயிரம் பேர் போவாங்க. ஆளுக்கு நாலு கிலோ குறைஞ்சா யாரு பதில் சொல்றது? மக்கள் உயிரோட நான் விளையாட மாட்டேன்."

தையலக்கா எழுந்தாள். செயலாளர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சார், அவர் வண்டியிலேயே செத்துப்போயிருந்தா எடை சரியா இருந்திருக்கும்."

தனி அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது ஒரு முக்கியமான கருத்து" என்று சொல்லிச் செயலாளரின் பக்கம் திரும்பினார். "பதிவு பண்ணிக்குங்க."

பதிவு செய்துகொண்டார்கள். பயணிகளின் எடை இழப்புக்கான காரணம் கண்டறியப்படும்வரை சேவையைத் தற்காலிகமாகத் தள்ளிவைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. தனி அலுவலருக்குப் பதவி நீட்டிப்பு வந்தது. பொறியாளர் பெண்ணை, தண்டவாளமே இல்லாத ஒரு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். தையலக்கா பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் புருஷன்தான் பேச்சை எடுத்தார். "அடுத்த தடவை கடல் பொங்கும்போது இவங்க என்னை மூட்டையாக்கூட ஏத்த மாட்டாங்க. ஆஸ்பத்திரிப் பக்கமே ஒரு ரூம் பாத்துக்குவோம்மா."

"இத்தனை வருஷ வாடிக்கையை விட்டுட்டா? அங்க யாருங்க என்னை நம்பித் துணி குடுப்பாங்க?"

"நீ தெச்சதைப் போட்டுப் பாத்தா குடுப்பாங்க." அவள் மெஷினைப் பார்ப்பதைக் கண்டு, "எனக்காக நீ எல்லாத்தையும் விட்டுட்டு வர வேண்டியதாயிடுச்சு" என்றார்.

"விடற மாதிரி வச்சது யாருங்க, நீங்களா?" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். சொல்லிவிட்டு அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டைக் காலி செய்யும்போது தையல் மெஷின்தான் பிரச்சினையானது. இரும்புக் கால் வைத்த பழைய மெஷின். அதை ஏற்றினால் நோயாளிக்குக் கால் நீட்ட இடமிருக்காது என்றார் சுத்துவழி. விற்றுவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பக்கமாக வந்தார்.

"கூட்ஸ்ல பார்சலாப் போட்டுருங்கம்மா. பின்னால கார்டு பெட்டி இருக்கு. போயிரும்."

"மெஷின் போகலாமா சார்?"

"மெஷினுக்கு என்னம்மா தடை?" என்றார் அவர். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் காலை அந்த மெஷினுக்காகக் கூட்ஸ் வண்டி நின்றது. இரண்டு பேர் அதை அலுங்காமல் தூக்கி ஏற்றினார்கள். கார்டு தன் துண்டை எடுத்து வெயில் படாமல் அதன்மேல் போர்த்தினார், உருளாமல் இருக்க நாலு பக்கமும் கட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடி காட்டினார். வண்டி கடலோரமாக வளைந்து மறைந்தது. நாத்தனார் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும், அவர்கள் வேனில் ஏறினார்கள்.

உப்பளச் சாலை முன்னைவிட மோசமாகியிருந்தது. இரண்டு இடத்தில் வேனை நிறுத்தி அவர் வாந்தி எடுத்தார். ஓரிடத்தில் சக்கரம் சேற்றில் புதைந்து, தையலக்காவும் இறங்கித் தள்ளினாள். பெரிய ஊர் ஸ்டேஷனுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்த அவரைப் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, முழங்கால்வரை சேறு காய்ந்த புடவையோடு அவள் பார்சல் கவுண்டருக்குப் போனாள்.

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். "காலையிலேயே வந்துடுச்சேம்மா. எவ்வளவு நேரமாக் கெடக்குது! சரக்கு நேரத்துக்கு வந்துடுது, நீங்கதான் லேட்டா வர்றீங்க." தாமதத்துக்கு ஒரு தொகையைக் கட்டச் சொன்னார். அவள் கட்டினாள்.

ஒரு போர்ட்டர் மெஷினைப் பெஞ்சுப் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். புருஷன் குனிந்து சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டுப் பார்த்தார். மெக்கானிக் கை. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றி நின்றது.

"அடி கிடி பட்டிருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு கீறல்கூட இல்லைங்க."

அவர் மெஷின்மேல் கையை வைத்தபடி மூச்சு வாங்கினார்.

"குடுத்து வச்சது" என்றார்.